டாக்டரம்மா பதில்கள்: கோழியின் மேல் விழுந்த பழி

குழந்தைகள் சீக்கிரம் வயதுக்கு வருவது பற்றிச் சென்ற இதழில் ஒருவர் கேட்டிருந்தார். நாலு வரியில் பதில் எழுதினேன். அதற்கு வந்த கடிதங்கள் ஆசிரியரின் மேசையை அடைத்துக்கொண்டு கிடக்கின்றனவாம். ஆகவே இந்த இதழில் சளியும் இருமலும் காத்திருக்கட்டும்.

என் மகளுக்கு ஏழரை வயது. எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டும்போது இடது மார்புக் காம்புக்கு அடியில் சிறு கட்டி தட்டுப்பட்டது. அழுத்தினால் வலிக்கிறது என்கிறாள். ‘வாராவாரம் பிராய்லர் கோழி வாங்கிப் போட்டாயே, அதுதான்’ என்கிறார் மாமியார். கோழியை அடியோடு நிறுத்திவிட்டேன். வேறு என்ன செய்ய வேண்டும், டாக்டரம்மா?
– ஒரு தாய், தேவகோட்டை

கோழியை நிறுத்தியதில் குழந்தைக்கு ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாடு போனதுதான் மிச்சம். இந்த வாரமே அவளைக் குழந்தை மருத்துவரிடம் கூட்டிக்கொண்டு போங்கள்.

பெண் குழந்தைக்கு 8 வயதிலிருந்து 13 வயதுக்குள் எப்போது மார்பு அரும்பினாலும் அது இயல்புதான். முதலில் ஒரு பக்கம் மட்டும் தெரிவதும், தொட்டால் வலிப்பதும் வழக்கம். கட்டி என்றவுடன் கத்தியைத் தேடி ஓடுகிறவர்களை நான் பார்த்திருக்கிறேன். தயவுசெய்து வேண்டாம். அரும்பை அறுத்து எடுத்துவிட்டால் அந்தப் பக்கம் மார்பு வளரவே வளராது.

8 வயது நிறைவதற்கு முன் அரும்பினால் காரணத்தைத் தேட வேண்டும். பெண் குழந்தைகளில் பெரும்பாலும் தேடியும் ஒன்றும் அகப்படாது. மூளையிலிருந்து வரவேண்டிய சமிக்ஞை கொஞ்சம் முந்தியிருக்கும், அவ்வளவுதான். சிலருக்குத் தைராய்டு சுரப்பு மிகவும் குறைந்திருக்கும். அரிதாக மூளையிலோ சினைப்பையிலோ கட்டி இருக்கும். அந்த அரிதான ஒன்றைத் தவறவிடக்கூடாது என்பதற்காகத்தான் இவ்வளவு பரிசோதனை. இடது கை மணிக்கட்டை எக்ஸ்ரே எடுத்து எலும்பின் வயதைப் பார்ப்பார்கள். ரத்தத்தில் ஹார்மோன் அளவு பார்ப்பார்கள். தேவைப்பட்டால் அடிவயிற்றுக்கு ஸ்கேன். ஏழரை என்பது எல்லைக்கோட்டில் நிற்கும் வயது. உங்கள் மகளைப் போல வருகிறவர்களில் பலருக்கு வளர்ச்சி மெதுவாகத்தான் போகும், மருந்தே தேவைப்படாது. வேகமாகப் போகிறது என்றால் மாதம் ஒரு முறையோ மூன்று மாதத்துக்கு ஒரு முறையோ போடும் ஊசி இருக்கிறது. அதை நிறுத்தினால் பருவம் மறுபடி தன் போக்கில் தொடரும். நேரத்தோடு டாக்டரிடம் வராவிட்டால் நஷ்டம் உயரத்தில்தான். எலும்பு சீக்கிரம் முற்றிவிட்டால் குழந்தை குள்ளமாக நின்றுவிடுவாள்.

போகும்போது அவளுடைய பழைய உயரக் கணக்கைக் கையோடு கொண்டுபோங்கள். பள்ளியில் எழுதியது, தடுப்பூசி அட்டையில் உள்ளது, எது கிடைத்தாலும் சரி. கானாடுகாத்தானிலிருந்து பேத்தியைக் கூட்டிவந்த ஒரு ஐயா, ஆய்வுக்கூடத் தாள் எதையும் கொண்டுவரவில்லை. வீட்டு இரண்டாங்கட்டுத் தேக்கு வாசல்நிலையை செல்போனில் படம் எடுத்து வந்திருந்தார். ஒவ்வொரு பிறந்தநாளுக்கும் பென்சிலால் ஒரு கோடு, பக்கத்தில் தேதி, சென்டிமீட்டர். கணக்கப்பிள்ளை கையெழுத்து மாதிரி சுத்தமாக இருந்தது. மற்றக் கோடுகளுக்கு நடுவே ஐந்து, ஆறு சென்டிமீட்டர். கடைசி இரண்டு கோடுகளுக்கு நடுவே ஒன்பது. பள்ளி வயதில், பருவம் தொடங்காத குழந்தை சாதாரணமாக ஓராண்டில் ஒன்பது வளராது. எனக்கு வேண்டியது அந்தப் படத்திலேயே கிடைத்துவிட்டது.

இனி உங்கள் மாமியாருக்கு. ‘ஊசி போடாமல் ஆறு வாரத்தில் இரண்டு கிலோ எப்படி வரும்?’ என்று கேட்பார், எல்லோரும் கேட்பதுதான். கனடாவில் ஆல்பர்ட்டா பல்கலைக்கழகத்தில் 1957, 1978, 2005 ஆகிய மூன்று காலத்துக் கோழி இனங்களை ஒரே தீனி போட்டு வளர்த்துப் பார்த்தார்கள். 56-ஆம் நாளில் 1957-ஆம் வருடத்து இனம் 905 கிராம், 1978 இனம் 1,808 கிராம், 2005 இனம் 4,202 கிராம். ஊசி ஒன்றும் கிடையாது, வித்தியாசமெல்லாம் வேகமாக வளரும் தாய் தகப்பனைத் தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்தெடுத்ததில்தான். தவிர, நடவுக்கே ஆள் கிடைக்காத காலத்தில் பண்ணையில் உள்ள ஆயிரக்கணக்கான கோழியை ஒவ்வொன்றாகப் பிடித்து ஊசி போட யார் இருக்கிறார்கள்? அப்படியே போட்டாலும், வளர்ச்சி ஹார்மோன் ஒரு புரதம். வாய்வழியாகப் போனால் வயிற்றில் செரித்துவிடும்.

ஆனாலும் இந்தப் பழி எங்கிருந்தோ முளைத்ததல்ல. அமெரிக்காவில் டைஎதில்ஸ்டில்பெஸ்ட்ரால் என்ற செயற்கைப் பெண் ஹார்மோனை மாத்திரையாகக் கோழியின் கழுத்துத் தோலுக்கு அடியில் பதித்த காலம் ஒன்று இருந்தது. அது வாய்வழியாகப் போனாலும் வேலை செய்யும். 1959-இல் அங்கே அதைக் கோழிக்குத் தடை செய்தார்கள். கதை மட்டும் கடல் கடந்து நம் ஊருக்கு வந்து தங்கிவிட்டது. பிராய்லர் கோழியில் நான் கவலைப்படுவது ஆன்டிபயாட்டிக் மருந்துகளைப் பற்றித்தான். அதை இன்னோர் இதழில் வைத்துக்கொள்வோம்.

நான் இரண்டு பெண் குழந்தைகளின் தகப்பன். இணையத்தில் படித்துவிட்டு வீட்டில் இருந்த பிளாஸ்டிக் சாமான் எல்லாவற்றையும் பழைய சாமான் கடையில் போட்டுவிட்டேன். மனைவி இரண்டு நாளாகப் பேசவில்லை. பிளாஸ்டிக்கால் பூப்பு முந்துகிறது என்பது உண்மையா, இல்லையா? ஒரே வார்த்தையில் சொல்லுங்கள்.
– செக்காலை, காரைக்குடி

ஒரே வார்த்தையில் சொல்ல முடிந்தால் நான் ஏன் பக்கம் பக்கமாக எழுதுகிறேன்?

சில ரசாயனங்கள் உடம்பில் ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோன் போலப் பாசாங்கு செய்யும், அல்லது ஹார்மோன்களின் வேலையில் குறுக்கிடும். சில பிளாஸ்டிக்கில் சேரும் பிஸ்பினால்-ஏ அப்படி ஒன்று. தாலேட் என்ற குடும்பம் இன்னொன்று. மனிதக் குழந்தைகளில் இவை பூப்பை முந்தவைக்கின்றனவா என்று பார்த்த ஆய்வுகள் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகவில்லை. பிஸ்பினால்-ஏ விஷயத்தில் ஒன்று ஆம் என்கிறது, மற்றொன்று இல்லை என்கிறது. அளவு அதிகமாகப் போனால் என்ன ஆகும் என்பதற்கு மிச்சிகனில் நடந்த ஒரு விபத்து சாட்சி. 1973-இல் அங்கே தீத்தடுப்பு ரசாயனம் ஒன்று தவறுதலாக மாட்டுத் தீவனத்தில் கலந்துவிட்டது. பாலும் இறைச்சியும் வழியாக ஜனங்களின் உடம்புக்குள் போனது. அதிக அளவு ஏறிய தாய்மார்களின் வயிற்றில் இருந்து, பிறகு அவர்களிடமே பால் குடித்த பெண்கள், மற்றவர்களைவிட ஓராண்டு அளவுக்கு முன்னதாகப் பூப்படைந்தார்கள்.

அன்றாட அளவில் நிலைமை வேறு. கலிபோர்னியாவில் சலினாஸ் பள்ளத்தாக்கில் விவசாயக் கூலிக் குடும்பங்களைக் கர்ப்ப காலத்திலிருந்தே பெர்க்லி பல்கலைக்கழகத்தார் தொடர்ந்து கவனித்து வருகிறார்கள். வாசனைப் பொருள்களில் சேர்க்கும் டைஎதில் தாலேட், தாயின் சிறுநீரில் இரண்டு மடங்கு ஆனால் மகளுக்கு மறைவிட முடி 1.3 மாதம் முந்தியது. கிருமிநாசினிச் சோப்பிலும் பற்பசையிலும் இருந்த டிரைக்ளோசான் இரண்டு மடங்கு ஆனால் முதல் மாதவிலக்கு ஒரு மாதத்துக்கும் குறைவாக முந்தியது. அதே தாய்மார்கள் பெற்ற பையன்களிடம் இப்படித் தெளிவாக ஒன்றும் தெரியவில்லை. கணக்கு எதில் வருகிறது என்று பாருங்கள். மாதத்தில். டென்மார்க்கைச் சேர்ந்த ஆராய்ச்சியாளர்கள் பல நாட்டு ஆய்வுகளைத் திரட்டி 2020-இல் வெளியிட்ட கணக்கும் இதே தினுசுதான். 1977 முதல் 2013 வரை, பத்தாண்டுக்கு ஏறக்குறைய மூன்று மாதம் என்ற வீதத்தில் மார்பு அரும்பும் வயது குறைந்துவந்திருக்கிறது. ஊர் முழுவதன் சராசரி மூன்று மாதம் நகர்வது வேறு, ஒரு குழந்தைக்கு ஆறு வயதில் அரும்புவது வேறு. முன்னதுக்குச் சட்டம் வேண்டும், பின்னதுக்கு டாக்டர் வேண்டும். என்னிடம் வருகிற பெற்றோர்கள் பின்னதைக் கையில் வைத்துக்கொண்டு முன்னதைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறார்கள்.

அதற்காக அலட்சியமாக இருக்கச் சொல்லவில்லை. தூக்கிப் போட்ட டப்பாக்களைவிட, நீங்கள் தொடாமல் விட்ட குளியலறை அலமாரியைத்தான் நான் முதலில் பார்ப்பேன். பவுடர், பாடி ஸ்பிரே, நகப்பூச்சு, சிவப்பழகு கிரீம், வாசனை லோஷன். பிறந்தநாளுக்கு அத்தை வாங்கித் தந்தாள் என்று ஆறு வயதுக் குழந்தைக்கு ஒரு செட்டு. அதே பெர்க்லி குழுவினர் 100 வளரிளம் பெண்களுக்கு இந்த ரசாயனங்கள் சேராத சோப்பு, ஷாம்பு, கிரீம் கொடுத்து மூன்றே நாள் பார்த்தார்கள். டைஎதில் தாலேட்டின் எச்சம் சிறுநீரில் 27 சதவீதம் குறைந்தது. இவை உடம்பில் தங்குவதில்லை, ஒரு நாளில் வெளியேறிவிடும். நிறுத்தினால் குறையும் என்பதே நல்ல செய்தி. பாசிப்பயறு மாவும் சீயக்காயும் இருக்கிற ஊரில் இதற்கு மேல் நான் ஆலோசனை சொல்ல வேண்டியதில்லை.

சமையலறையில் மூன்று இடத்தில் மட்டும் கண்டிப்பாக இருங்கள். கொதிக்கக் கொதிக்கச் சாம்பாரைப் பிளாஸ்டிக் பையில் கட்டி வாங்காதீர்கள், தூக்கு கொண்டுபோங்கள். எண்ணெய் பலகாரத்தைச் செய்தித்தாளில் பரப்பாதீர்கள். அச்சு மையின் கேட்டைச் சொல்லி உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2016-லேயே எச்சரித்திருக்கிறது. தண்ணீர்க் கேனை வெயில் விழும் திண்ணையில் நாள் கணக்கில் நிறுத்தாதீர்கள். சூடு ஏற ஏறப் பிளாஸ்டிக்கிலிருந்து இறங்குவதும் கூடும். பால் புட்டியைப் பொறுத்தவரை, பிஸ்பினால்-ஏ சேர்ந்த பாலிகார்பனேட் புட்டியை ஐரோப்பிய ஒன்றியம் 2011-இல் தடை செய்தது. இந்தியத் தர விதியும் 2015-இல் அதை விலக்கிவிட்டது.

அரிசி போட்டுவைக்கும் டப்பாவைத் திரும்பக் கொண்டுவந்து மனைவியிடம் கொடுங்கள். அது ஒரு பாவமும் செய்யவில்லை.

மாட்டுக்கு ஊசி போட்டுக் கறக்கிறார்களே, அந்தப் பாலால்?
– கொத்தமங்கலம்

ஆக்சிடோசின் ஊசியைச் சொல்கிறீர்கள். அது மாட்டின் ரத்தத்தில் சில நிமிடமே நிற்கும். பாலில் கொஞ்சம் வந்தாலும் வயிற்றில் செரித்துப் போகும். அது பூப்பைத் தூண்டும் ஹார்மோனும் அல்ல. மாட்டுக்குச் செய்யும் கொடுமை என்பதற்காக எதிர்ப்பதென்றால் நானும் உங்களோடு வருகிறேன்.

எனக்கு எண்பது வயதாகிறது. நாங்கள் பதினைந்து, பதினாறில்தான் சமைந்தோம். இப்போது ஐந்தாம் வகுப்பிலேயே தண்ணீர் ஊற்றுகிறார்கள். எல்லாம் உரமும் பூச்சிமருந்தும்தானே? பேத்திக்குக் கும்மாயம் கிண்டினால், ‘உளுந்து கொடுக்காதீர்கள், சீக்கிரம் உட்கார்ந்துவிடுவாள்’ என்று மருமகள் தடுக்கிறாள்.
– ஒரு அப்பத்தா, பள்ளத்தூர்

ஆச்சி, உங்கள் காலத்தில் பிந்தியதற்குக் காரணம் பெரும்பாலும் சாப்பாட்டுக் குறைவும், வயிற்றுப் பூச்சியும், ஓயாத காய்ச்சலும்தான். வட ஐரோப்பாவில் 19-ஆம் நூற்றாண்டின் நடுவில் 16, 17 வயதில் பூப்படைந்தார்கள். 20-ஆம் நூற்றாண்டின் நடுவில் அது 13-க்கு வந்துவிட்டது. பிளாஸ்டிக் வீடு வீடாக நுழைவதற்கு முன்பே அந்தப் பெரிய சரிவு முடிந்துவிட்டது. சோறு கிடைத்தது, நோய் குறைந்தது, பூப்பு முந்தியது.

நம் பிள்ளைகளை வைத்தே ஒரு சாட்சி உண்டு. இந்தியாவிலிருந்து ஸ்வீடனுக்குத் தத்துப்போன 107 பெண்களைப் பற்றி 1991-இல் அங்கே ஆய்வு வந்தது. பாதிப் பேர் 11.6 வயதுக்குள் பூப்படைந்துவிட்டார்கள். அந்த நாட்டுப் பெண்களுக்கு அது 13 வயதை ஒட்டித்தான். இங்கே வாடிக்கிடந்த குழந்தை அங்கே போய்த் திடீரென்று செழித்ததை உடம்பு அப்படி எடுத்துக்கொண்டது என்றார்கள். பெல்ஜியத்தில் ஒரு குழு வேறு மாதிரி யோசித்தது. வெளிநாட்டிலிருந்து வந்த, சீக்கிரம் பருவமடைந்த குழந்தைகளின் ரத்தத்தில் டிடிடி பூச்சிமருந்தின் எச்சம் இருந்ததை 2001-இல் எழுதினார்கள். ஆகவே பூச்சிமருந்து என்று நீங்கள் சொல்வதை நான் தள்ளவில்லை. முதல் இடம் கொடுக்க மட்டும் மாட்டேன்.

முதல் இடம் எடைக்கு. உடம்பில் சேரும் கொழுப்பு லெப்டின் என்ற ஹார்மோனைச் சுரக்கிறது. போதிய இருப்பு இருக்கிறது என்று மூளைக்குப் போகும் தகவல் அது. 2020 ஊரடங்கில் இத்தாலி, துருக்கி, நம் நாடு என்று பல இடங்களில் சீக்கிரம் பருவமடையும் பெண் குழந்தைகள் மருத்துவமனைக்கு அதிகமாக வந்தார்கள். வீட்டுக்குள் உட்கார்ந்து எடை போட்டதும், இரவெல்லாம் திரையைப் பார்த்ததும் காரணமாக இருக்கலாம் என்று எழுதினார்கள்.

கும்மாயத்துக்கு வருவோம். உளுந்து தின்றதால் பூப்பு முந்தியதற்குச் சான்று எதுவும் இல்லை. மருமகள் தடுப்பது அந்தக் காரணத்துக்காக என்றால் தவறு. அதில் நீங்கள் ஊற்றும் நெய்க்காகத் தடுத்தால் நான் மருமகள் கட்சி. ஒரு சின்னக் கிண்ணம் கொடுங்கள். அதோடு மாலையில் ஊருணிக் கரையில் ஒரு மணி நேரம் ஓடவிடுங்கள். மனகோலமும் தேன்குழலும் டின்னோடு அவள் கைக்கு எட்டும் இடத்தில் இருக்க வேண்டாம்.

என் மகனுக்கு எட்டு வயது. மீசை அரும்புகிறது, குரலும் தடித்துவிட்டது. வகுப்பிலேயே உயரம் அவன்தான். ‘எங்கள் வம்சம் அப்படி’ என்கிறார் என் அப்பா. ஏதாவது சாப்பாட்டு ரசாயனமாக இருக்குமா?
– ஒரு தகப்பன், புதுவயல்

வம்சமும் வேண்டாம், சாப்பாட்டு ஆராய்ச்சியும் வேண்டாம். நாளைக்கே கிளம்புங்கள். பையனுக்கு 9 வயதுக்கு முன் பருவ அடையாளம் வந்தால், பெண் குழந்தைகளைப் போல ‘காரணம் அகப்படவில்லை’ என்று முடியாது. பலருக்குக் காரணம் இருக்கும், அது மூளையிலோ, சிறுநீரகத்தின் மேல் உட்கார்ந்திருக்கும் அட்ரினல் சுரப்பியிலோ இருக்கும். மருத்துவரிடம் 1 முதல் 25 மில்லிலிட்டர் வரை அளவு போட்ட பன்னிரண்டு மணிகள் கோத்த மாலை ஒன்று இருக்கும். பையனின் விதைப்பைக்குள் இருக்கும் விதையை அதோடு ஒப்பிட்டுப் பார்ப்பார். 4 மில்லிலிட்டரைத் தொட்டிருந்தால் மூளை தூண்டுகிறது. விதை சிறியதாகவே இருந்து மீசை மட்டும் வந்தால் சந்தேகம் அட்ரினல் மேல் திரும்பும். பிறவியிலேயே வரும் அட்ரினல் குறைபாடு ஒன்று, தாய் தகப்பன் இருவரிடமிருந்தும் பழுதான மரபணு வந்தால்தான் வெளிப்படும். அக்காள் மகள், மாமன் மகள் என்று உறவுக்குள் கட்டிக்கொள்ளும் நம் பக்கத்தில் அதற்கு வாய்ப்பு கூடுதல். உங்கள் திருமணம் சொந்தத்தில் நடந்ததா என்று கேட்டால் கோபித்துக்கொள்ளாமல் சொல்லுங்கள்.

இன்னொன்றையும் கேட்பார்கள். வீட்டில் பெரியவர்கள் யாராவது டெஸ்டோஸ்டிரோன் என்ற ஆண் ஹார்மோன் சேர்ந்த ஜெல் தடவுகிறீர்களா? தோளில் தடவிக்கொண்டு குழந்தையைத் தூக்கினால் அது குழந்தையின் தோலுக்கு ஏறும். 2009-இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு நிறுவனம் இதற்காகவே அந்த மருந்துப் பெட்டிகளில் கடும் எச்சரிக்கை அச்சிட உத்தரவிட்டது. வெளிநாட்டிலிருந்து வரும் பெட்டிகளில் என்னென்னவோ வருகிறதே, அதனால் சொல்கிறேன்.

மகளுக்கு 14 வயது முடிந்துவிட்டது, இன்னும் ஆகவில்லை. மற்றவர்கள் சீக்கிரம் என்று அழுகிறார்கள், நான் தாமதம் என்று அழுகிறேன். தினமும் ஈயச்சொம்பில்தான் ரசம் வைக்கிறோம். அது காரணமாக இருக்குமா?
– கண்டனூர்

மார்பு வளர்ச்சி தொடங்கிவிட்டதா? தொடங்கியிருந்தால் 15 வரை பொறுக்கலாம். 13 முடிந்தும் அரும்பவே இல்லை என்றால் இப்போதே காட்ட வேண்டும்.

ரசாயனம் எல்லாமே முந்தத்தான் வைக்கும் என்று நினைப்பவர்களுக்கு உங்கள் கேள்வி நல்ல பாடம். காரீயம் பூப்பைப் பிந்தவைக்கும். அமெரிக்காவில் ரத்தத்தில் காரீயம் கூடுதலாக இருந்த பெண்களுக்குச் சில மாதம் பிந்தியதை 2003-இல் கண்டார்கள். அதே ஆண்டில்தான் கேரளத்தின் காசர்கோடு பற்றிய ஆய்வும் வந்தது. அங்கே முந்திரித் தோட்டங்களுக்கு ஹெலிகாப்டரில் எண்டோசல்பான் என்ற பூச்சிமருந்தைத் தெளித்துவந்தார்கள். அந்தப் பகுதிப் பையன்களுக்குப் பருவ வளர்ச்சி பிந்தியதாக அகமதாபாத் தேசியத் தொழில்சார் சுகாதார நிறுவனத்தார் எழுதினார்கள். உச்ச நீதிமன்றம் 2011-இல் அந்த மருந்தைத் தடை செய்தது.

நல்ல ஈயச்சொம்பு வெள்ளீயத்தில் செய்தது, அதனால் கெடுதல் இல்லை. விலை குறைக்கக் காரீயம் கலந்தால்தான் ஆபத்து. புளியும் சூடும் சேர்ந்தால் அது ரசத்தில் இறங்கும். பாட்டி காலத்துச் சொம்பு, எங்கே வார்த்தது என்று தெரியும் என்றால் ஒன்று. முனீஸ்வரன் கோயில் தெருவில் பழைய சாமானோடு சாமானாகப் பேரம் பேசி வாங்கியது என்றால் அலமாரியில் அழகுக்கு வையுங்கள். மகளின் ரத்தத்தில் காரீய அளவு பார்க்க முடியும், பார்த்துவிடுங்கள். உள்ளே வண்ணம் உரிந்த பழைய மங்குச் சாமானிலும் சாப்பாடு வேண்டாம்.

என் மகள் பத்து வயது முடிய இரண்டு மாதம் இருக்கும்போது வயதுக்கு வந்துவிட்டாள். மண்டபம் பார்த்தாகிவிட்டது. தாய்மாமன் மலேசியாவிலிருந்து சீரோடு வருகிறார். அவளோ அறையை விட்டு வெளியே வரமாட்டேன் என்கிறாள்.
– காரைக்குடி

10 வயதுக்கு முன் என்பதால் ஒருமுறை மருத்துவரிடம் காட்டுங்கள். உயரம் இன்னும் சில சென்டிமீட்டர்தான் மிச்சமிருக்கும். இது எங்கோ ஒரு ரசாயனத்தால் வந்ததா என்று இனிமேல் தோண்டிப் பயனில்லை.

மண்டபத்தை நிறுத்து என்று சொல்ல நான் யார்? ஆனால் நாலாம் வகுப்பு, ஐந்தாம் வகுப்புக் குழந்தையின் படத்தை ஃப்ளெக்ஸில் போட்டுப் பஸ் நிலையம் வரை கட்டுகிறார்களே, அதைப் பார்க்கும்போது எனக்கு ரத்தம் கொதிக்கிறது. அவளோடு படிக்கும் பையன்களும் அதே பஸ்ஸில்தான் வருவார்கள். அவள் வெளியே வராததற்கு வேறு காரணம் தேட வேண்டியதில்லை. ஃப்ளெக்ஸ் வேண்டாம், பத்திரிகையில் படம் வேண்டாம். மாமனும் அத்தையும் வீட்டுக்கு வந்து தலையில் தண்ணீர் ஊற்றிவிட்டுப் போகட்டும்.

அவளுக்கு வேண்டியது இதுதான். நாப்கினை எப்படி வைப்பது, எப்படிச் சுருட்டிப் போடுவது என்று நீங்களே செய்து காட்டுங்கள். புத்தகப் பையில் ஒரு சின்னத் துணிப்பை, அதில் இரண்டு நாப்கின், ஒரு மாற்று உள்ளாடை. வகுப்பு ஆசிரியையிடம் தனியாக ஒரு வார்த்தை சொல்லிவையுங்கள். முதல் இரண்டு வருடம் மாதக் கணக்கு தவறித் தவறித்தான் வரும், பயப்படாதீர்கள். ஆனால் ரத்தப்போக்கு ஒரு வாரத்துக்கு மேல் நீடித்தால் வாருங்கள். இரும்புச்சத்து மாத்திரை பள்ளியில் கொடுத்தால் மறுக்காமல் போடச் சொல்லுங்கள். உளுந்தங்களி கொடுக்கலாம். பச்சை முட்டையை உடைத்து நல்லெண்ணெயோடு வாயில் ஊற்றும் வழக்கம் மட்டும் வேண்டாம், கிருமி இருக்கும். அவித்துக் கொடுங்கள்.